சட்டைக் கதையின் மீதி

அந்தக் கத்தோலிக்கப் பங்கில் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் எந்த ஜோடியும் இரண்டு சனிக்கிழமை கோவிலுக்குப் பின்னாலிருக்கும் அரங்கில் உட்கார்ந்து எழுந்தே ஆக வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பு என்று பெயர். அதை முடிக்காமல் பங்குச்சாமியார் ஓலை வாசிக்க மாட்டார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்காமல் கல்யாணமும் கிடையாது. டாக்டர் வந்து உடம்பைப் பற்றிப் பேசுவார். வக்கீல் வந்து சட்டத்தைப் பற்றிப் பேசுவார். அவர்கள் பேசும்போதெல்லாம் ஜோடிகள் மடியில் வைத்துச் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். சட்டை அங்கிள் எழுந்தால் மட்டும் செல்போன்கள் பைக்குள் போய்விடும்.

சட்டை அங்கிள் மருந்து கம்பெனியில் விற்பனை மேலாளர். வாயை வைத்தே பிழைத்தவர். கையில் மைக்கைக் கொடுத்தால் முகத்தில் பத்து வயது குறையும். அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'இல்லறத்தில் மன்னிப்பு'. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். ஜோடியாக வந்து பேசினால்தான் பிள்ளைகளுக்கு எடுபடும் என்பது சாமியாரின் எண்ணம்.

"கல்யாணமாகி நாலு மாசம். எனக்கு வேலை இல்ல," என்று அவர் தொடங்குவார். "ஒரு இன்டர்வியூ வருது. என்கிட்ட உருப்படியா இருந்தது ஒரே ஒரு சட்டை. அம்மணி அன்பா தேய்ச்சுத் தரேன்னாங்க. பெட்டியை முதுகு மேல வெச்சாங்க. அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடினாங்க. திரும்பி வந்து பார்த்தா, முதுகுல ஜன்னல்!"

இந்த இடத்தில் சிரிப்பு.

"நான் ஒரு வார்த்தை திட்டினேனா? திட்டல. அதையே மாட்டிக்கிட்டு, கீழ்வீட்டுக்காரர்கிட்ட ஒரு கோட்டு இரவல் வாங்கி மேல போட்டுக்கிட்டுப் போனேன். அங்க இருந்த அதிகாரி, 'இப்படி வேர்க்குதே, கோட்டைக் கழட்டிடுங்க'ங்கிறார். கழட்டினேன். 'என்னய்யா இது முதுகுல?'ன்னார். 'சார், புதுசா கல்யாணம் ஆகியிருக்கு. வீட்ல இப்பதான் தேய்க்கப் பழகறாங்க'ன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். வேலை என் கையில!"

கைதட்டல். அது அடங்கும்வரை காத்திருந்து குரலைத் தாழ்த்துவார். "ஒரு வார்த்தை திட்டியிருந்தா அன்னிக்கு என் முகத்துல அந்தச் சிரிப்பு இருந்திருக்குமா? அதனால பிள்ளைங்களா, மன்னிச்சுப் பழகுங்க." பிறகு மைக்கை மனைவி பக்கம் நீட்டுவார். "என்னம்மா, நான் சொன்னது உண்மைதானே?"

"ஆமா. எல்லாம் உண்மைதான்," என்பாள் அவள்.

பதினாறு வருஷமாக அவள் பங்கு அவ்வளவுதான். பெண்கள் அவளைப் பார்த்துக் கொடுத்து வைத்தவள் என்பதுபோலப் புன்னகைப்பார்கள். ஆண்கள் தங்கள் ஜோடியை இடித்து, "பார்த்துக்கோ," என்பார்கள்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசியக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. நரம்பே தென்படாத கைகளையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். பட்டையைக் கட்டி, ரெண்டு தட்டுத் தட்டி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊசியை இறக்கிவிடுவாள். ஆள் "எப்ப குத்துவீங்க?" என்று கேட்கும்போது பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள்.

அவர் சொல்லும் கதையில் பொய் ஒன்றும் கிடையாது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். திட்டவில்லைதான். முதுகில் கருகிய சட்டையைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்தார். வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே போய் அடுப்பை அணைத்தார், உடுத்திக்கொண்டு வந்தார், கதவைப் பூட்டினார், சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுப்பை அணைக்க மறக்காத அளவுக்கு நிதானம். மூன்றாவது மாடி. நைட்டி, வெறுங்கால். மேலே ஏறுகிறவர்களுக்கும் கீழே இறங்குகிறவர்களுக்கும் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். "சாவியைத் தொலைச்சிட்டேன்," என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அடக்க முடியாமல் போனபோது கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, கழிவறைக்குப் போய்விட்டு வந்தாள். அந்த வீட்டுக்காரி எதுவும் கேட்கவில்லை. ஒரு துப்பட்டாவை எடுத்து அவள் தோளில் போட்டாள். கேட்டிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள்.

இருட்டும் நேரத்தில் அவர் வேலையோடும் ஒரு கேக் பெட்டியோடும் வந்தார். கதவைத் திறந்தார். கேக்கை வெட்டித் தின்றார். அதன்பிறகு ஒன்றரை மாதம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அது இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின கதை. மனுஷர் அதன்பிறகு அப்படியொன்றும் கொடுமைக்காரராக இருக்கவில்லை. சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார், மகளைத் தோளில் தூக்கித் திரிந்தார், மனைவிக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிவந்தார். அந்தக் கதையை மட்டும் வாயில் போட்டு மென்று, மென்று, இனிப்பாக்கி, ஊருக்கெல்லாம் பங்கு வைத்தார். அவள் விழுங்கினாள்.

இப்போது மகளுக்குக் கல்யாணம். ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கியாயிற்று, கோவிலில் தேதி கிடைத்தாயிற்று, பாடகர் குழுவிடம் பாட்டுகளைச் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை ஒரு கட்டடக் கம்பெனியில் பொறியாளர். பார்க்க லட்சணமான பையன், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அழுதாள்.

"அவர் ஒரு வாரமா என்கூட பேசல அப்பா. காரை நிறுத்தத் தெரியலன்னு அவரோட ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி சிரிச்சிட்டேன். அவ்வளவுதான். போன் எடுக்கல. நேர்ல போய் நின்னேன். கண்ணாடி வழியா பார்க்கற மாதிரி பார்த்துட்டு உள்ள போயிட்டார்."

அப்பா அவள் தலையைத் தடவினார். "அசடு. கத்தற ஆம்பளைக்குத்தான் பயப்படணும். பேசாம இருக்கறவன் தங்கம். கோபத்தை உள்ளயே அடக்கிக்கிறான் பாரு. நான் பேசறேன்."

அங்கேயே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மாமனாரிடம் அவன் நன்றாகவே பேசினான். "நான் திட்டவே இல்ல மாமா. நிச்சயதார்த்தத்தன்னிக்கு நீங்க சொன்ன சட்டைக் கதைதான் எனக்குப் பாடம். கோபம் வந்தா வாயைத் திறக்கறதில்லன்னு வெச்சிருக்கேன். அவளுக்காத் தெரியணும்."

"சபாஷ்!" என்றார் அவர். பெருமையில் மார்பு நிமிர்ந்துவிட்டது. "கேட்டியா? என் சிஷ்யன்!"

அடுப்படியில் நின்றிருந்த அவள் கையிலிருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள். உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. இத்தனை வருஷம் அந்தப் படிக்கட்டு தன் ஒருத்தியோடு போய்விட்டது என்று நினைத்திருந்தாள். இந்த மனுஷர் மாதாமாதம் மைக் வைத்து அதற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகச் சாமியார் வீட்டுக்குப் போனாள்.

"ஃபாதர், இந்தத் தடவை வகுப்புல எங்க பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காரப் போறாங்க. இவரே எப்பவும் பேசறார். நானும் கொஞ்சம் பேசலாமான்னு..."

சாமியாருக்கு ஒரே சந்தோஷம். "இத்தனை வருஷம் கேட்க மாட்டீங்களான்னு இருந்தேன்மா. என்ன பேசப் போறீங்க?"

"பேச்செல்லாம் வராது ஃபாதர். அவர் கதையை முடிச்சதும் நான் அவரை ரெண்டு கேள்வி கேட்கறேன், அவர் பதில் சொல்லட்டும். பிள்ளைங்களுக்கு ஒரு மாதிரி கலகலப்பா இருக்கும்."

"அருமை!" என்றார் சாமியார்.

வீட்டில் சொன்னபோது அவரும் குதித்தார். "நீ கேட்கறியா? கேளு, கேளு! மாப்பிள்ளை முன்னாடி நம்ம ஜோடிப் பொருத்தம் தெரியட்டும். என்ன கேள்வின்னு சொல்லிடு, பதிலைத் தயார் பண்ணிக்கறேன்."

"தயார் பண்ணா நாடகம் மாதிரி இருக்கும்ங்க. உங்களுக்கு எதுக்குத் தயாரிப்பு?"

அந்தப் புகழ்ச்சி நன்றாகவே வேலை செய்தது. அந்த வாரம் முழுக்க அவள் யார் கையில் ஊசி இறக்கினாலும் மனசுக்குள் கேள்விகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதை முதலில் கேட்பது, எதைக் கடைசியில் வைப்பது. "என்னக்கா, இன்னிக்கு முகத்துல ஒரு களை?" என்று உடன் வேலை செய்யும் பெண் கேட்டாள். "பொண்ணு கல்யாணம்ல," என்றாள்.

சனிக்கிழமை காலை அவர் நீலச் சட்டையை அவளே தேய்த்தாள். ஒரு மடிப்பு இல்லை. கண்ணாடி முன் நின்று அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷத்துல தேய்க்கக் கத்துக்கிட்டா!" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்று அவளுக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

அரங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மகளும் மாப்பிள்ளையும் இரண்டாம் வரிசையில், நடுவே ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் அன்று பேசியது போல வேறு என்றும் பேசியதில்லை. 'முதுகுல ஜன்னல்' என்றபோது சாமியாரே மேசையைத் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளை எல்லோரையும்விட அதிகம் கைதட்டினான். கைதட்டல் ஓய்ந்ததும் அவர் மைக்கை மனைவி கையிலேயே கொடுத்தார். "இன்னிக்கு ஒரு விசேஷம். அம்மணி என்னைக் குறுக்கு விசாரணை பண்ணப் போறாங்க. எனக்குக் கை கால் நடுங்குது!"

இன்னும் சிரிப்பு. அவள் எழுந்தாள். "நடுங்காதீங்க. சின்னச் சின்னக் கேள்விதான். கோட்டு யார்கிட்ட வாங்கினீங்க?"

"கீழ்வீட்டுக்காரர்கிட்ட. நல்ல மனுஷன்."

"ஆமா, நல்ல மனுஷங்க. நீங்க கிளம்பினப்ப அடுப்பை அணைச்சது யாரு?"

"நான்தான்! நீ பதட்டத்துல அதைக்கூட விட்டுட்டியே."

"நான் ஏன் அணைக்கல? நான் எங்க இருந்தேன்?"

அவர் சிரிப்பு ஒரு கணம் தடுக்கி நின்று, மறுபடி நடந்தது. "வீட்லதான்."

"வீட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"இதென்ன, நிஜமாவே கோர்ட்டு மாதிரி..." என்று அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. அது விளையாட்டின் பகுதி என்றே நினைத்தது. அவள் காத்திருந்தாள். சிரிப்பு தானாக நின்றது.

"உள்ளயா, வெளியயாங்க?"

"வெளிய."

"கதவு பூட்டியிருந்துச்சா?"

அவர் மைக்கைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார். பாதிக்கு மேற்பட்ட கைகளில் நரம்பு இப்படித்தான், தட்டத் தட்டத் தானே எழும்பி வரும் என்று அவளுக்குத் தெரியும். அவசரப்படாமல் கேட்டாள். "சாவி யார் பையில இருந்துச்சு?"

"ஏம்மா, இப்ப எதுக்கு..."

"என் நைட்டியில பை கிடையாது. அதான் கேட்கறேன்."

சாமியார் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். இரண்டாம் வரிசையில் மகள் எழுந்தாள். "அம்மா, போதும்மா."

"ஒரே ஒரு கேள்விதான் பாக்கி கண்ணு, உட்காரு." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "காலையிலேர்ந்து இருட்டற வரைக்கும் மாடிப்படியில உட்கார வெச்சீங்க. அது போகட்டும். வந்து கதவைத் திறந்ததுக்கு அப்புறம் என்கூட எத்தனை நாள் பேசல?"

"ஞாபகமில்ல," என்றார் அவர். மைக் இல்லாத அவர் குரல் அவ்வளவு சின்னது என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"எனக்கு இருக்கு. ஒன்றரை மாசம். அதனாலதான் ஒரு வார்த்தை திட்டல. பேசினாத்தானேங்க திட்டறதுக்கு?"

பின்வரிசையில் ஒரு பெண் பளீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பக்கத்திலிருந்த ஆண் தரையைப் பார்த்தான். ஊசியக்கா மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள். "இவர் இத்தனை வருஷமா சொன்னது எல்லாம் உண்மைதான் பிள்ளைங்களா. இது மீதி." மைக்கைக் கணவர் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தேநீர் இடைவேளை," என்றார் சாமியார். அட்டவணைப்படி அதற்கு இன்னும் நேரம் இருந்தது.

மகள் அவளை அரங்குக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனாள். முகம் சிவந்திருந்தது. "என் வகுப்புலதான் இதைச் செய்யணுமா? அவங்க வீட்ல என்ன நினைப்பாங்க? அடுத்த மாசம் செஞ்சிருக்கக் கூடாதா?"

"அடுத்த மாசம் மாப்பிள்ளை இருக்க மாட்டாரே."

"அப்போ அவருக்குப் பாடம் சொல்லத்தான் செஞ்சியா? எனக்காகவா?"

ஆமாம் என்று சொன்னால் மகள் கட்டிக்கொண்டு அழுவாள், எல்லாம் அழகாக முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. "இல்லடி," என்றாள். "எனக்காகத்தான் செஞ்சேன். அவர் முகம் அப்படி ஆகறதை நான் பார்க்கணும்னு இருந்துச்சு. மாப்பிள்ளையும் பக்கத்துல இருந்தது வசதியாப் போச்சு."

மகள் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

காரை அவர்தான் ஓட்டினார். சிக்னலில் நின்றபோது, "இருபத்தெட்டு வருஷமா மனசுல வெச்சிருந்தியா?" என்று கேட்டார்.

"மறந்துதான் போயிருப்பேன். நீங்கதான் மாசாமாசம் ஞாபகப்படுத்துனீங்க."

கல்யாணம் நிற்கும் என்று ஊரில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். நிற்கவில்லை. மகள் அப்பனின் வாயையும் அம்மாவின் குத்தையும் சேர்த்து வாங்கிப் பிறந்தவள். அன்று மாலையே மாப்பிள்ளையை உட்கார வைத்துப் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. புது வீட்டுச் சாவியில் ஒன்றை முதல் ஓலை வாசிப்பதற்கு முன்பே கேட்டு வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள் என்பது மட்டும் தெரிய வந்தது. மாப்பிள்ளை ஒருநாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"அத்தை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"எனக்குத் தெரியாது தம்பி," என்றாள் அவள், குழாய்களில் சீட்டு ஒட்டிக்கொண்டே. "உங்க மாமாவும் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னுதான் எங்க வீட்ல விசாரிச்சுச் சொன்னாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவில்லை. கொஞ்ச நாள் உறுத்தட்டும்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை வீட்டார் எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, வரிசையில் நின்றார்கள். அவள் முறை வந்தது. முழங்காலிட்டாள்.

"ஃபாதர், என் புருஷனை நாலு பேர் முன்னாடி வேணும்னே அவமானப்படுத்தினேன்."

நடுவிலிருந்த மரத்தட்டிக்கு அப்பால் ஒரு பெருமூச்சு. "எனக்குத் தெரியும்மா. நானும் அங்கதான் இருந்தேன். வருத்தப்படறீங்களா?"

"இல்ல ஃபாதர்."

"கொஞ்சம்கூடவா?"

"யோசிச்சுப் பார்த்துட்டேன். வரல."

"மனம் வருந்தாம எப்படிம்மா பாவமன்னிப்புக் கொடுக்கறது? வருத்தமே இல்லன்னா எதுக்கு வந்தீங்க?"

"அதுக்கு வரல. இன்னொண்ணு இருக்கு. பதினாறு வருஷமா உங்க மைக்கைப் பிடிச்சு, 'ஆமா, எல்லாம் உண்மைதான்'னு சொல்லியிருக்கேன். எத்தனை பொண்ணுங்க அதைக் கேட்டுட்டுப் போச்சோ. அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல. அதுக்கு மட்டும் மன்னிப்புக் கொடுங்க. மத்தது இருக்கட்டும்."

சாமியார்தான் அத்தனை வருஷமும் முன்வரிசையில் உட்கார்ந்து மேசையைத் தட்டியவர். "இது வியாபாரம் இல்லம்மா, கொஞ்சம் கொடுங்க, மீதி இருக்கட்டும்னு சொல்ல," என்றார். குரல் இறங்கியிருந்தது. "வருத்தம் எப்ப வருதோ அப்ப வாங்க. வரும்."

"வரலாம்," என்று அவள் எழுந்தாள். "காத்திருந்து பார்க்கறேன்." பாவமன்னிப்புப் பெற்றவர்கள்தான் நன்மை என்னும் அப்பத்தை வாங்கலாம். மறுநாள் பூசையில் அதை வாங்க எழுந்தவர்களோடு அவள் எழவில்லை. யாருக்கும் விளக்கம் சொல்லவும் இல்லை.

திருமணப் பூசை நன்றாகவே நடந்தது. அப்பாதான் மகளைக் கைபிடித்துப் பீடம்வரை நடத்திவந்தார். இருபுறமும் இருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். மோதிரம் மாற்றியபோது மாப்பிள்ளைக்கு அதைச் சட்டென்று மாட்ட வரவில்லை. மகள்தான் விரலை நேராக நீட்டிக் கொடுத்தாள்.

வரவேற்பு அரங்கில் விருந்துக்கு முன், பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே அவர் அவளருகே குனிந்து, "நான் பேசலாமா?" என்று கேட்டிருந்தார். வாழ்நாளில் அவளிடம் அவர் கேட்ட முதல் அனுமதி அது.

"தாராளமா பேசுங்க. யார் வேண்டாம்னா?"

அவர் மேடையேறி மைக்கை வாங்கினார். ஒருமுறை தட்டிப் பார்த்தார். முந்நூறு பேர் நிமிர்ந்தார்கள். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ அடக்கமாகச் செருமினார்கள். அவர் வாயைத் திறந்தார். பழக்கத்தில் கை மட்டும் முன்னால் உயர்ந்தது. அது வழக்கமாகச் சட்டையைப் பிடித்துக் காட்டும் கை. அந்தரத்தில் நின்ற அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கீழே இறக்கினார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போகணும்," என்றார். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவந்து உட்கார்ந்தார்.

பக்கத்து மேசையிலிருந்த ஒரு சொந்தக்காரி அவள் காதருகே வந்தாள். "பாவம்டி அந்த மனுஷன். உனக்கே கஷ்டமா இல்ல?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். தட்டைப் பார்த்தபடி, தோள் சரிந்து, ஒரு வயதான மனிதர் உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் இரக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். எங்கோ ஒரு மூலையில் இருந்தாலும் இருக்கலாம். அதற்கு இன்று அவசரமில்லை. நல்ல பசி. பரிமாறிக்கொண்டிருந்தவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "எனக்கு இன்னும் கொஞ்சம் வைங்க தம்பி," என்றாள்.